மேனேஜருக்குப் புரிந்த பிரெஞ்சு

என் மேனேஜருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் நான் பேசும் பிரெஞ்சு சரியா தப்பா என்று தினமும் தீர்ப்புச் சொன்னவர் அவர்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லிந்துலைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில், வெள்ளைக்காரத் துரைமார் குடியிருந்த பங்களா ஒன்று இப்போது ஹோட்டலாக இருக்கிறது. பிரான்சிலிருந்து வருகிறவர்களைக் கொழுந்து எடுக்கும் மலைக்கும் தேயிலை பெக்டரிக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, அவர்கள் கேட்பதற்கு அவர்கள் மொழியிலேயே பதில் சொல்வது என் வேலையாக இருந்தது. நான் வெளியூர்க்காரி இல்லை. பங்களாவின் வராந்தாவில் நின்று கீழே எட்டிப் பார்த்தால், ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றையறைக் காம்பராக்கள் தெரியுமே, அந்தப் பணிய லயத்தில், அதாவது கீழ் லயத்தில், பிறந்தவள். விருந்தினர்கள் காலையில் அதைப் படம் பிடிப்பார்கள். பனிக்குள் அது அழகாக இருக்கும். பனி விலகினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைகளில் கண்டிக்குப் பஸ் ஏறிப் போய்ப் படித்த பிரெஞ்சு அது. லயத்தில் எல்லாரும் என்னைக் கிண்டல் செய்தார்கள். இங்கிலீஷே இங்கே தண்ணி காட்டுகிறது, இவளுக்கு இன்னொன்று கேட்கிறதாம் என்றார்கள். அவர்களுக்குத் தெரியாத ரகசியம் ஒன்று இருந்தது. இங்கிலீஷ் ஓரளவு தெரிந்தவளுக்குப் பிரெஞ்சில் பாதிச் சொற்கள் ஏற்கனவே தெரிந்தவைதான். நேஷனை நாஸியோன் என்றால் போதும். டிவிஷனை டிவிஸியோன் என்றால் போதும். மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேசுகிற மாதிரிதான் முதல் மாதம் முழுக்கப் பேசினேன், ஆசிரியை சிரித்துக்கொண்டே மார்க் போட்டார்.

இன்னும் கொஞ்சம் போனபோது எங்கள் தோட்டத்துப் பேச்சுக்குள்ளேயே அந்தச் சொற்கள் கிடப்பதைக் கண்டுபிடித்தேன். காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டு, பரேட்தான். கொந்தரப்பு, கொன்ட்ராக்ட்தான். லயம், லைன்தான். மூன்றும் பிரெஞ்சிலும் உண்டு. எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு பங்களாவுக்குள் வேலைக்குப் போனேன், சந்தோஷம் போய்விட்டது. அங்கே மெனு இருந்தது, பஃபே இருந்தது, ஷெஃப் இருந்தார், தங்குகிறவர்களுக்கு சூட் இருந்தது, சூட்டுக்குள் தினமும் புதிதாக ஒரு பொக்கே இருந்தது. ஒரே மொழியிலிருந்து புறப்பட்ட சொற்களை, கடல் தாண்டி மலை ஏறி வந்த இடத்தில், யாரோ பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தார்கள். தின்கிற சொல்லும் படுக்கிற சொல்லும் மேலே. விடியற்காலைக் குளிரில் நிற்கிற சொல்லும் முதுகு ஒடிகிற சொல்லும் கீழே. 

மேனேஜர் கொழும்பிலிருந்து வந்தவர். சுத்தமாக உடுத்துவார், யாரையும் அதட்டமாட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னை உட்கார வைத்து, விருந்தினர்களோடு பேசும்போது கட்டாயம் வர வேண்டிய சொற்கள் சிலவற்றை இங்கிலீஷில் சொன்னார். டெர்வார். ஆர்டிசான். ஒதென்டிக். டிரடிஷன். பாஷன். ஹார்மனி. இவையெல்லாம் பிரெஞ்சிலும் இருக்கின்றன அல்லவா என்று கேட்டார். இருக்கின்றன சேர் என்றேன். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. மலைக்குப் போகும்போது பின்னாலேயே நடந்து வருவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருப்பவர்கள் உண்டு. இவர் காதில் விட்டுக்கொண்டு வருவார். நான் பேசுவதில் அவருக்குத் தெரிந்த சொல் ஒன்று வந்தால் முகம் மலரும். ஒன்று வராவிட்டால், திரும்பி வந்ததும் கூப்பிட்டு, இன்றைக்கு ஹார்மனி கேட்கவில்லையே என்பார்.

அந்த டெர்வார் என்ற சொல்லின் மேல் எனக்குத் தனிக் கோபம். ஒரு மண்ணில் விளைந்ததற்கு அந்த மண்ணே தரும் ருசி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மண், மழை, பனி, காற்று, மலைச்சரிவு எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஆள் மட்டும் அடங்க மாட்டாள். சரிவில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நிற்கிற என் சித்திக்கு அதில் இடமில்லை. அந்தத் தேயிலையைத் தனித்தனிச் சின்னப் பெட்டிகளில் போட்டு பங்களாவில் விற்பார்கள். லயத்தில் நாங்கள் குடிப்பது சல்லடையில் கடைசியாக விழுகிற தூள்.

மேனேஜர் எப்படி என்னைக் கண்காணித்தாரோ, அதே வழியில் நானும் அவரை ஏமாற்றக் கற்றுக்கொண்டேன். அவர் கேட்க விரும்பும் சொற்களை நல்ல இடைவெளி விட்டு விதைத்துவிட்டால் போதும், நடுவில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். டெர்வார் என்று தொடங்கி, கீழே தெரிகிற அந்தக் கட்டிடத்தில் ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் என்றும், கல்யாணம் கட்டிய பிள்ளையும் அதே காம்பராவில்தான் என்றும், தண்ணீர்க் குழாய் வெளியே இருக்கிறது என்றும் சொல்லி, டிரடிஷன் என்று முடிப்பேன். குடும்பத்துக்குப் பிரெஞ்சில் ஃபாமீய். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மேனேஜர் பின்னால் நின்று தலையாட்டிப் புன்னகைப்பார். ஃபேமிலி நல்ல சொல்லாம். பிறகும் அதைச் சேர்த்துக்கொள் என்று பாராட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இந்த விளையாட்டு கொழுந்து நிறைந்திருந்த ஒரு காலை நேரத்தில் முடிந்தது.

அன்றைக்கு வேனில் ஆறேழு பேர். அதில் உயரமான, நரைத்த தலையுள்ள ஒரு அம்மா முன் சீட்டில் இருந்தார். வேனை ரோட்டோரம் நிறுத்தி, மேலே சரிவில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுப்பதைக் காட்டிக்கொண்டிருந்தேன். சித்தியும் அந்த நிரையில் இருந்தாள். சித்தி என்றால் என் அம்மாவின் கடைசித் தங்கை. அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவள்தான், சனிக்கிழமை பஸ் காசு அவள் மடியிலிருந்துதான் வந்தது. அவர்கள் நின்ற இடத்துக்கு மேலே பெரிய மரமொன்று, அதில் குளவிக் கூடு. அது இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வேலைக்குப் போனவர்கள் கங்காணியிடம் சொன்னார்கள், கங்காணி கணக்கப்பிள்ளை ஐயாவிடம் சொன்னார், ஐயா தோட்டத்துத் துரையிடம் சொன்னாராம். கூடு அப்படியே வளர்ந்துகொண்டிருந்தது.

முதலில் ஒரு கூச்சல் கேட்டது. பிறகு கூடைகள் உருண்டன. பெண்கள் சரிவில் விழுந்தடித்து ஓடிவந்தார்கள். ஓட முடியாதவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு செடிகளுக்கு நடுவில் குப்புறப் படுத்துவிட்டார்கள். குளவி கலைந்தால் எங்கள் ஆட்கள் செய்வது அதுதான், ஓடுகிறவளைத்தான் அது துரத்தும். மேனேஜர் விருந்தினர்களை அவசரமாக வேனுக்குள் ஏற்றிக் கண்ணாடிகளை அடைக்கச் சொன்னார். நானும் உள்ளேதான் இருந்தேன். கண்ணாடிக்கு வெளியே யாரோ காய்ந்த சருகைக் கொளுத்திப் புகை போடுவது தெரிந்தது. குளவிக் கூட்டம் மெல்ல அடங்கியது. அதற்குப் பிறகு கங்காணியும் இரண்டு ஆண்களும் சித்தியையும் அவளுக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணையும் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள்.

சித்தியின் முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கட்டியிருந்த பச்சைச் சேலையை வைத்துத்தான் தெரிந்தது. கண் இரண்டும் மூடிப் போயிருந்தன. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

நான் இறங்கி ஓடினேன். கங்காணி போனில் கத்திக்கொண்டிருந்தார். தோட்டத்து வண்டி டவுனுக்குப் போயிருக்கிறதாம். கொழுந்து லொறி வருமாம், மற்ற மலையில் கொழுந்தை நிறுத்து முடிந்ததும் வருமாம். அதாவது கொழுந்து வாடக் கூடாது, ஆள் காத்திருக்கலாம். எங்களுக்கு முன்னால் ஹோட்டல் வேன் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின்கூட ஓடிக்கொண்டிருந்தது. நான் மேனேஜரிடம் போய், சேர், இது என் சித்தி, வேனைத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் என்னை இரண்டடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். குரலை உயர்த்தவில்லை. விருந்தினர்கள் பயந்துவிடக் கூடாது, லொறி வருகிறதாம், நாம் பெக்டரிக்குப் போக வேண்டும், இவர்களுக்கு இது பழகியதுதான் என்றார். பிறகு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நேச்சர் என்று சொல். அந்தச் சொல் பிரெஞ்சிலும் இருக்கிறதல்லவா?"

இருக்கிறது. நாத்யூர் என்பார்கள். அழகான சொல். என் சித்தி ரோட்டில் கிடந்து மூச்சுக்குத் தவிப்பதற்கு இயற்கை என்று பேர் வைத்து, அதை நான் மொழிபெயர்க்க வேண்டுமாம்.

வேன் கதவைத் திறந்து படியில் ஏறி நின்றேன். நான் படித்த இலக்கணம் எல்லாம் எங்கோ ஓடிப்போயிற்று. ஒரு முழு வாக்கியம்கூட வரவில்லை. அக்ஸிடான் என்றேன். யூர்ஜான் என்றேன். டான்ஜே. ஓப்பிடால். என் டான்ட் என்றேன். சித்தி, பெரியம்மா, அத்தை எல்லாருக்கும் அவர்களுக்கு ஒரே சொல்தான், அது போதுமாக இருந்தது. வேறு வண்டி இல்லை, இது மட்டும்தான் என்று கையைக் காட்டித் துண்டு துண்டாகச் சொன்னேன். பின்னால் மேனேஜர் இங்கிலீஷில் நிறுத்து, நிறுத்து என்றார். ஆக்ஸிடன்ட், அர்ஜன்ட், டேஞ்சர், ஹொஸ்பிடல் எல்லாம் அவருக்கும் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் என் பேச்சில் அவர் தேடிக்கொண்டிருந்த சொற்களைப் போலவே தெளிவாகப் புரிந்துவிட்டது.

உயரமான அம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவர் இறங்கியதும் மற்றவர்களும் இறங்கி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் டிரைவர் ஒரு சிங்கள ஆள், அதிகம் பேசாதவர். மேனேஜரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின் சீட்டை மடக்கிப் போட்டு, இக்மனட்ட, சீக்கிரம் ஏறுங்க என்று சிங்களமும் தமிழும் கலந்து அவசரப்படுத்தினார். மற்றப் பெண்ணையும் ஏற்றி, சித்தியின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்கினோம். அவள் விரல்கள் என் கையைப் பிடித்திருந்தன. பிடி தளர்ந்தபோதெல்லாம் நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். வார்டில் இருந்த டொக்டர், லொறிக்குக் காத்திருந்தால் இந்த அம்மாவைப் பார்த்திருக்க முடியாது என்று சித்தியைக் காட்டிச் சொன்னார்.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்று நடந்தது. அந்த விருந்தினர்கள் ஊருக்குப் போய் இணையத்தில் எழுதிவிட்டார்கள். மலையில் மனிதர்களைப் பார்த்தோம் என்று மனம் நெகிழ்ந்து எழுதியிருந்தார்கள். மேனேஜர் அதை இங்கிலீஷில் மாற்றிப் படித்தார். என்னைக் கூப்பிட்டுத் தேநீர் தந்தார். இனிமேல் வருகிறவர்களை லயத்துக்குக் கூட்டிப் போகலாம், உன் சித்தியோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம், ஹோட்டல் வேன் ஓர் உயிரைக் காப்பாற்றிய கதையை நீ சொல்லலாம் என்றார். சொல்ல வேண்டிய சொற்களும் தயாராக இருந்தன. ஜெனரோசிட்டி. சொலிடாரிட்டி. கொம்பாஷன். மூன்றுக்கும் பிரெஞ்சு இருக்கிறது என்று அவரே தேடி வைத்திருந்தார்.

அடுத்த நாளே பணிய லயத்துக்கு ஆள் வந்து, சித்தி காம்பராவின் முன்சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்தார்கள். பக்கத்துக் காம்பராவின் சுவர் கரிபிடித்தபடியே நின்றது. பங்களாவிலிருந்து பூப்போட்ட கோப்பைகள் வந்தன.  வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று சித்தியிடம் சொன்னேன். சித்தி வாசற்படியில் உட்கார்ந்து வீக்கம் வடியாத கையைத் தடவிக்கொண்டிருந்தாள். வரட்டும் என்றாள். அவங்க கிட்டச் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கு, நீ மட்டும் கூட்டாமக் குறைக்காமச் சொல்லணும் என்றாள்.

வந்தார்கள். புதிய ஆட்கள், ஐந்து பேர், குனிந்து காம்பராவுக்குள் நுழைந்தார்கள். உட்கார இடம் போதாமல் மேனேஜர் வாசலிலேயே நின்றார். சித்தி எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அந்தத் தூள் தேயிலைதான், இஞ்சி தட்டிப் போட்டது. ஒருவர் என்ன நடந்தது என்று கேட்டார். நான் சித்தியைப் பார்த்தேன்.

"அன்னிக்கு வண்டி அங்கனதான் நின்னுச்சு. எங்க கண்ணு முன்னாடியே நின்னுச்சு. இந்தப் புள்ள கத்தலேன்னா அது அப்படியே பெக்டரிக்குப் போயிருக்கும். அத மொதல்ல சொல்லு."

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாசலில் மேனேஜர் எதிர்பார்த்த மூன்று சொற்களும் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. அவர் சிரித்த முகத்தோடு, இங்கிலீஷில், போதும், நேரமாகிறது என்றார். விருந்தினர்கள் எழுந்திருக்கவில்லை. அவர்களில் ஒரு இளம் பெண் சித்தியிடம், உங்களுக்கு நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கச் சொன்னாள். பணம் தரப் போகிறாள் என்று சித்திக்குப் புரிந்தது, கையை விரித்து வேண்டாம் என்றாள்.

"சேரு கோப்பை குடுத்திருக்காரு, சுண்ணாம்பு அடிச்சிருக்காரு. அதெல்லாம் எங்களுக்கு எதுக்கு? குளவி கொட்டுனா அந்த வண்டியக் குடுக்கணும். யாரையும் கெஞ்ச வைக்காமக் குடுக்கணும். எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்."

அதையும் சொன்னேன்.   விருந்தினர்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி வாசலில் நின்ற மேனேஜரைப் பார்த்தார்கள். அந்தப் பெண் அவரிடம் நேராக இங்கிலீஷில் கேட்டாள், கொடுப்பீர்களா என்று. நிச்சயமாக, அது எங்கள் கடமை என்றார் மேனேஜர்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார். காரணம் கேட்டேன். என் பிரெஞ்சின் தரம் போதவில்லையாம். ஒரு வாக்கியம் பிரெஞ்சுகூடத் தெரியாத மனிதர், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கொஞ்சமும் கூசாமல் அதைச் சொன்னார்.  அவ்வளவு பெரிய பொய்யைக் கேட்டால் முதலில் ஆச்சரியம்தான் வருகிறது, கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வருகிறது. எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இப்போது ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் பஸ்ஸுக்கு நின்றபோது அந்த டிரைவரைக் கண்டேன். நலம் விசாரித்தார். சித்தி எப்படி என்றார். வேலைக்குப் போகிறாள், அதே மலைக்குத்தான், அந்தக் கூட்டை இன்னும் எடுக்கவில்லை என்றேன்.  வேன் சாவி இப்போது தன்னிடம் இல்லை என்றார். விருந்தினர்களோடு புறப்படும்போது வாங்கிக்கொண்டு, திரும்பியதும் கொடுத்துவிட வேண்டுமாம். மேனேஜர் அதைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுகிறாராம். அவர் கொழும்புக்குப் போகிற நாட்களிலும் அந்த லாச்சி பூட்டித்தான் இருக்குமாம்.